கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

நித்திரவிளைச் சந்தியில் கடை எனக்கு.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்.
மேற்கே இருட்டிக்கொண்டு வந்தால்
வாசலில் நின்று கேட்பார்கள்:
"கரண்டு உண்டா?"
உண்டு, அல்லது இல்லை.
அதற்குமேல் அந்தச் சொல்லுக்குள்
ஆள் குடியிருப்பதாக நான் நினைத்ததில்லை.

கடைக்கு என்றால் கரண்ட் அக்கவுண்ட்தான்,
வட்டி கிடையாது என்றார் பேங்க் மேனேஜர்.
ஷாக் மட்டும் உண்டா சார் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
புத்தகத்தில் தமிழில் அச்சிட்டிருந்தது, நடப்புக் கணக்கு.
என் கணக்கு உட்கார்ந்தே கிடந்தது.

சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிற அபிஷ்
மாசாமாசம் கரண்ட் அஃபேர்ஸ் பிரிண்ட் எடுப்பான்,
ஒரு தாளில் நான்கு பக்கம், எறும்பு எழுத்து.
பழசை என் மேசையில் விட்டுப் போவான்.
அதில் பழம்பொரி மடிப்பான் பக்கத்துக் கடை டென்னிசன்.
போன மாத மந்திரிகள் மேல் எண்ணெய் ஊறும்.

டெல்ஃபின் வந்தது ஒரு செவ்வாய், மூன்று மணி.
சின்னத்துறையிலிருந்து, பிளாஸ்டிக் கவரில் ஆதாரோடு.
ததேயூஸ், வயது நாற்பத்தொன்று.
சுறாத் தூண்டில். லட்சத்தீவுக்கும் மேற்கே.
பதினான்கு பேர் போன போட்டில்
பத்துப் பேர் வந்தார்கள்.

பாரம் ஆங்கிலத்தில்.
பெயர் அடித்தேன். தகப்பன் பெயர் அடித்தேன்.
பெர்மனென்ட் அட்ரஸ்: குருசடிக்குத் தெற்கு, மூன்றாவது வீடு.
அடுத்த கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம்.
"கரண்ட் அட்ரஸ்" என்று உரக்க வாசித்தேன்.
வாசித்த பிறகுதான்
என் காதிலேயே அது விழுந்தது.

"அதென்ன, கரண்டு ஆபீசுக்க அட்ரசா?"
இல்லக்கா, ஆளு இப்ப எங்க
இருக்காருன்னு

அவள் அழவில்லை.
விலை படியாத மீன்காரி மாதிரி
கொஞ்சம் யோசித்தாள்.
"கப்பல்ல தேடப் போன ஆபீசரும் இதைத்தான் சொன்னான்.
ஸ்ட்ராங் கரண்டு, எங்க போச்சுன்னு சொல்ல ஒக்காதுன்னு.
நான் இடி விழுந்துதாக்கும்னு நெனச்சேன்.
பொறவு கொழுந்தன் சொன்னான், அது நம்ம நீவாடுன்னு."

சோநீவாடு, வாநீவாடு.
இழுப்புக்கு ஒரு பெயர், திசைக்கு ஒரு பெயர்
சொல்லிக்கொண்டே போனாள்.
நான் அறிந்தது ஒன்றுதான்,
அதுவும் மீட்டர் பெட்டிக்குள் ஓடுவது.

"அப்ப அதையே எழுது.
இப்ப அங்கதான கெடக்காரு."

எழுதினேன்.
தமிழைக் கட்டம் ஏற்கவில்லை.
ஆங்கில எழுத்தில் நீவாடு என்று அடித்தேன்.
பின்கோடு கேட்டது.
அவள் தன் வீட்டு எண்ணையே சொன்னாள்,
தபால் எப்படியும் எங்க கடப்புறம் வழியாத்தான போவணும்.

சமர்ப்பி என்ற பொத்தானுக்கு விரல் போகையில்
ஃபேன் நின்றது.
யூ.பி.எஸ். மூன்று முறை கத்தி அடங்கியது.
கண்ணாடியில் அவள் முகமும் என் முகமும் மட்டும்.
"கரண்டு பில்லும் கெட்டணும்" என்றாள் இருட்டில்.
"அவசரமில்ல. வந்த பொறவு போதும்."
எது வந்த பிறகு என்று
நான் கேட்கவில்லை.

முக்கால் மணி கழித்து வெளிச்சம் வந்தது.
பாரம் மொத்தமும் அழிந்திருந்தது.
முதலில் பில்லைக் கட்டிவிடலாம் என்றேன்,
வேறென்ன சொல்ல.
முந்நூற்று நாற்பத்திரண்டு ரூபாய்.
பணம் வரவானதாக ஒரு குறுஞ்செய்தி
போனது, அவருடைய நம்பருக்கு.
திரையில் தமிழ்:
நுகர்வோர், ததேயூஸ்.
நிலை, நடப்பில் உள்ளது.

அவள் அந்த வரியைத் தொட்டு,
இதை ஒரு பிரிண்ட் எடுத்துத் தா என்றாள்.
காசு வேண்டாம் என்றேன்.
இரண்டு ரூபாயை மேசையில் வைத்துவிட்டு
மறுபடி உட்கார்ந்தாள்,
முதல் கட்டத்துக்கு.